இரு கரைக்கும் உரியவர்

பிறந்த ஊரை விட்டுப் பெயர்ந்து செல்வது தமிழருக்குப் புதியதன்று. வணிகம் கருதியும் கூலி வேலை கருதியும் கடல் கடந்து சென்றவர் பலர். சென்றவர் மீண்டு வரும்போது ஊர் அவரை அடையாளம் கண்டுகொள்ளும். இன்னார் மகன், இன்னார் பேத்தி என்று உறவு சொல்லி அழைக்கும். ஆனால் ஊர் ஒருவரை அறிந்துகொள்ளும் முறை வேறு. அரசு அறிந்துகொள்ளும் முறை வேறு. ஊருக்கு முகம் போதும். அரசுக்கு ஏட்டில் எழுதிய பெயர் வேண்டும். இந்த ஒரு வேறுபாட்டினால் ஒரு பெரும் மக்கட் கூட்டம் முக்கால் நூற்றாண்டுக்கு மேலாக அல்லலுற்ற வரலாற்றையும், சிதறிக் கிடந்த அவர்கள் ஒன்றுகூடித் தம்மைத் தாயகம் ஏற்றுக்கொள்ளுமாறு செய்த முயற்சியையும் இங்கே காண்போம்.

திண்டுக்கல் நகரிலிருந்து கிழக்கே நத்தம் செல்லும் சாலையில் போவோர் வலப்புறத்தில் சிறுமலைத் தொடரைக் காண்பர். மலை வாழைக்கும் காப்பிக்கும் மிளகுக்கும் பெயர் பெற்ற மலை அது. அதன் அடிவாரத்துச் சமவெளியோ மழையை நம்பி வாழும் மண். இச்சமவெளியில் தோட்டனூத்து, அடியனூத்து, கோபால்பட்டி என்னும் மூன்று இடங்களில் இலங்கையிலிருந்து வந்த தமிழர்கள் பல ஆண்டுகளாகத் தனித்தனி முகாம்களில் வாழ்ந்து வந்தனர். அம்மூன்று முகாம்களின் குடும்பங்களுக்காகத் தோட்டனூத்தில் 17 கோடியே 17 இலட்சம் ரூபாய் செலவில் 321 வீடுகளைத் தமிழ்நாடு அரசு கட்டி, 2022 ஆம் ஆண்டு செப்டம்பர் 14 அன்று திறந்து வைத்தது. மூன்று முகாம்கள் ஒரே ஊராயின. கூரை கிடைத்தது, முகவரியும் கிடைத்தது. எனினும் அவ்வீடுகளில் பிறந்து வளரும் ஒரு பிள்ளையைப் பார்த்து, உன் நாடு எது என்று கேட்டால், அதற்கு விடை கூற வீடு மட்டும் போதாது. விடை தேட நாம் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் பின்னே செல்லுதல் வேண்டும்.

இலங்கையின் கண்டி நாட்டு மலைகளில் 1820களில் ஆங்கிலேயர் காப்பித் தோட்டங்களைத் தொடங்கினர். காடு திருத்தவும் காப்பி பறிக்கவும் ஆட்கள் வேண்டியிருந்தனர். மதுரை, திருச்சிராப்பள்ளி, இராமநாதபுரம், புதுக்கோட்டை, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து வறட்சியால் வாடிய குடியானவர்களும் நிலமற்ற கூலிகளும் கங்காணிகளின் பின்னே சென்றனர். திண்டுக்கல் அந்நாளில் மதுரை மாவட்டத்தின் ஒரு பகுதியே. அது தனி மாவட்டமானது 1985 இல்தான். சென்றவர்கள் தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே நூறு மைலுக்கு மேல் நடந்து மாத்தளையை அடைந்தனர். வழியிலே காய்ச்சலுக்கும் வாந்திபேதிக்கும் இரையானோர் பலர். காப்பி பறிக்கும் பருவம் முடிந்ததும் எஞ்சியோர் ஊர் திரும்பினர்.

1869 ஆம் ஆண்டில் காப்பிச் செடிகளை ஓர் இலைநோய் தாக்கியது. சில ஆண்டுகளில் தோட்டங்கள் அழிந்தன. காப்பியின் இடத்தைத் தேயிலை பிடித்தது. இம்மாற்றம் செடியோடு நிற்கவில்லை. மக்களின் வாழ்வையே மாற்றியது. காப்பிக்குப் பருவம் உண்டு. தேயிலைக் கொழுந்தோ ஆண்டு முழுவதும் பறிக்கப்படுவது. ஆகவே தொழிலாளர் குடும்பத்தோடு லயங்களில் தங்க நேர்ந்தது. தமிழ்நாட்டிலோ 1876 முதல் 1878 வரை தாது வருடப் பஞ்சம் கொடுமை புரிந்தது. ஊரில் இருக்க வழியில்லை. தோட்டத்திலோ ஆண்டு முழுதும் வேலை உண்டு. பருவத்துக்கு வந்துபோனவர்கள் இவ்வாறு குடியேறிய மக்களாயினர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், செல்லவேண்டிய தோட்டத்தின் எண் பொறித்த தகரத் துண்டு ஒன்று ஒவ்வொரு தொழிலாளிக்கும் கொடுக்கப்பட்டது. இம்மக்களுக்கு அரசும் தோட்டத் துரையும் அளித்த முதல் அடையாளம் அதுவே. அதிலே தோட்டத்தின் எண் இருந்தது. அவன் பிறந்த ஊரும் இல்லை, நாடும் இல்லை.

தேயிலை இலங்கையின் செல்வமாயிற்று. அதை வளர்த்தவர்கள் மூன்று தலைமுறை அங்கேயே பிறந்து அங்கேயே மடிந்தனர். 1930களில் கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் அமைக்க உழைத்தார். 1939 இல் ஜவாகர்லால் நேரு இலங்கைக்கு வந்த சமயத்தில் இலங்கை இந்தியர் காங்கிரஸ் தோன்றியது. வெவ்வேறு தோட்டங்களில் ஒருவரையொருவர் அறியாமல் வாழ்ந்த மக்கள் முதன்முறையாக ஒரே அமைப்பின் கீழ்த் திரண்டனர். 1947 ஆம் ஆண்டுத் தேர்தலில் அவர்களுடைய பிரதிநிதிகள் பலர் இலங்கைப் பாராளுமன்றம் புகுந்தனர். சௌமியமூர்த்தி தொண்டமான் அவர்களுள் ஒருவர்.

மறு ஆண்டில் இலங்கை சுதந்திரம் பெற்றது. அச்சுதந்திரம் இம்மக்களுக்கு இழப்பாக முடிந்தது. 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அவ்வாண்டு நவம்பர் 15 முதல் நடைமுறைக்கு வந்தது. ஒருவன் இலங்கையில் பிறந்தவன் என்பது அச்சட்டத்துக்குப் போதவில்லை. அவனுடைய தந்தை இலங்கையில் பிறந்தவர் என்றோ, தந்தைவழிப் பாட்டனும் முப்பாட்டனும் அங்கே பிறந்தவர்கள் என்றோ காட்டுதல் வேண்டும். இதைச் சொல்லால் காட்ட முடியாது; பதிவுச் சீட்டால் காட்ட வேண்டும். லயத்தில் பிறந்த குழந்தையின் பிறப்பை எழுதி வைத்தவர் எத்தனை பேர்? பிள்ளைப் பேற்றுக்காகப் பெண்கள் இந்தியாவிலுள்ள ஊருக்குச் சென்று வந்த வழக்கமும் இருந்தது. ஆகவே தலைமுறை தலைமுறையாக அம்மண்ணில் உழைத்தவர்கள் சீட்டு இல்லாத காரணத்தால் அயலார் ஆயினர். அச்சட்டம் நடைமுறைக்கு வந்த இருபத்தைந்தாம் நாள், 1948 டிசம்பர் 10 அன்று, ஐக்கிய நாடுகள் சபை மனித உரிமைப் பிரகடனத்தை வெளியிட்டது. ஒவ்வொரு மனிதனுக்கும் ஒரு நாட்டின் குடிமகனாயிருக்க உரிமையுண்டு என்பது அதன் பதினைந்தாம் பிரிவின் கருத்து. உலகம் அவ்வாறு உரைத்த அதே காலத்தில் இலட்சக்கணக்கான மக்கள் நாடற்றவராயினர் என்பதை மாணவர்கள் கருத்திற் கொள்ளவேண்டும்.

அடுத்த ஆண்டில் வந்த வேறொரு சட்டம், நெடுங்காலம் வசித்தோர் விண்ணப்பித்துப் பிரஜாவுரிமை பெறலாம் என்றது. அச்சட்டத்தின்கீழ் வந்த விண்ணப்பங்களில் ஏறத்தாழ 8 இலட்சம் பேர் அடங்கியிருந்தனர். ஏற்கப்பட்டவர்களோ ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேர். இதற்கிடையே வாக்குரிமையும் போயிற்று. 1947 இல் பாராளுமன்றத்தில் அமர்ந்திருந்த அம்மக்களின் அமைப்பு, 1952 ஆம் ஆண்டுத் தேர்தலில் ஓர் உறுப்பினரையும் அனுப்ப இயலாது போயிற்று. அவ்வாண்டில் அவர்கள் கொழும்பிலே சத்தியாக்கிரகம் செய்தனர். வன்முறையின்றித் தம் குறையை உணர்த்தினர். ஆயினும் சட்டம் அசையவில்லை.

அந்நாளில் அம்மக்களுக்காகக் குரல் கொடுத்த ஒருவரை இங்கே நினைவுகூர வேண்டும். அவர் சா. ஜே. வே. செல்வநாயகம். யாழ்ப்பாணப் பகுதியின் பிரதிநிதியாகிய அவருக்கு மலைநாட்டுத் தொழிலாளரால் தேர்தல் ஆதாயம் ஏதும் இல்லை. இருந்தும் ஒரு பகுதித் தமிழரின் உரிமை பறிபோவதை மற்றொரு பகுதித் தமிழர் பார்த்திருத்தல் ஆகாது என்று அவர் எதிர்த்தார். தம் கட்சியினின்றும் பிரிந்து 1949 டிசம்பரில் இலங்கைத் தமிழரசுக் கட்சியை நிறுவினார். இப்பெயரை மறவாதிருங்கள், இவ்வரலாற்றின் பிற்பகுதியில் இது மீண்டும் வரும்.

இனி, மற்றைக் கரையின் நிலையைக் காண்போம். இம்மக்கள் இந்தியாவிலிருந்து சென்றவர்கள் ஆதலால் இந்தியரே என்று இலங்கை கூறியது. அங்கேயே பிறந்து வாழ்பவர்கள் ஆதலால் இலங்கைக்கே உரியவர் என்று இந்தியா கூறியது. விண்ணப்பித்துப் பதிவு செய்துகொண்டோரையே இந்தியக் குடிமக்களாக ஏற்க முடியும் என்பது நேருவின் நிலை. 1954 இல் நேருவும் இலங்கைப் பிரதமர் சேர் ஜோன் கொத்தலாவலையும் ஓர் உடன்படிக்கை செய்தும் சிக்கல் தீரவில்லை. இறுதியில் 1964 அக்டோபர் 30 அன்று லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் புது தில்லியில் ஒப்பந்தம் செய்துகொண்டனர். நாடற்றோரின் தொகை 9,75,000 என்று கொள்ளப்பட்டது. அவர்களுள் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும். 3,00,000 பேருக்கு இலங்கை உரிமை அளிக்கும். எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்யப்படும். 1974 இல் அவ்வெஞ்சியோரையும் இரு நாடுகளும் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. எண்கள் தெளிவாக இருந்தன. ஆனால் அவ்வெண்களுக்குள் அடங்கிய மக்களிடம், நீங்கள் எங்கே வாழ விரும்புகிறீர்கள் என்று ஒப்பந்தத்துக்கு முன்னர் எவரும் கேட்கவில்லை. பின்னர் விண்ணப்பங்கள் கோரப்பட்டபோது, இந்தியக் குடியுரிமை வேண்டியோர் தொகை ஒப்பந்தம் குறித்த அளவை எட்டவில்லை என்பதே அவர்கள் மனத்தைக் காட்டும்.

ஒப்பந்தம் எழுதி இரண்டு மாதம் நிறைவதற்குள், 1964 டிசம்பர் 22 இரவு வீசிய புயலில் தனுஷ்கோடித் துறைமுகம் அழிந்தது. பின்னர் இராமேசுவரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஓடிய இராமானுஜம் என்னும் கப்பல் இம்மக்களைச் சுமந்து வந்தது. கண்டி, நுவரெலியா, பதுளை ஆகிய பகுதிகளின் தோட்டங்களில் புகைவண்டி ஏறியோர் மண்டபம் முகாமை வந்தடைந்தனர். ஒரே தோட்டத்தில் மூன்று தலைமுறை அடுத்தடுத்து வாழ்ந்த குடும்பங்கள் அங்கே பிரிந்தன. சிலர் நீலகிரிக்கு அனுப்பப்பட்டனர். அங்கே இவர்களுக்கு வேலை தரும் பொருட்டு 1968 இல் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கப்பட்டன. சிலருக்கு நூற்பாலைகளில் வேலை கிடைத்தது. சிலர் சிறுதொழிலுக்குக் கடன் பெற்றுச் சமவெளி ஊர்களில் குடியேறினர். ஆந்திரத்துக்கும் கருநாடகத்துக்கும் கேரளத்துக்கும் சென்றவர்களும் உண்டு. 1969 இல் இவர்களுக்கெனவே தாயகம் திரும்பியோர் கூட்டுறவு வங்கி தொடங்கப்பட்டது; ரெப்கோ வங்கி என்று இன்று அது அறியப்படுகிறது. 1984 இல் கப்பல் போக்குவரத்து நிற்கும் வரை நாலரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இவ்வாறு வந்து சேர்ந்தனர்.

இலங்கையில் இந்தியாக்காரர் என்று அழைக்கப்பட்டவர்கள் இங்கே சிலோன்காரர் என்று அழைக்கப்பட்டனர். மலைக்குளிரில் கொழுந்து பறித்த கைகளுக்குச் சமவெளியின் வெயிலும் தொழிலும் ஒவ்வவில்லை. கடனைப் பெற்றுத் தந்த இடைத்தரகரிடமே பணத்தை இழந்தோர் பலர். மீண்டும் மலை தேடிச் சென்றோருள் சிலர் கொடைக்கானல் மலைச்சரிவுகளில் மரம் வெட்டியும் பட்டை உரித்தும் வாழப் புகுந்து, முன்பணம் கொடுத்தவரிடம் கொத்தடிமைகளாயினர். 1980களில் அவர்களை மீட்கும் முயற்சிகள் நடந்தன. இவர்கள் இந்தியக் குடிமக்கள். கையில் கடவுச்சீட்டு உள்ளவர்கள். சீட்டு இருந்தும் துணை இல்லாமையால் துன்புற்றனர். தாயகத்தின் ஏற்பு என்பது சட்டத்தில் எழுதுவதோடு முடிவதில்லை என்பதற்கு இவர்கள் வாழ்வு சான்றாகும்.

இலங்கையில் எஞ்சியோர் கதை வேறு திசையில் சென்றது. 1970களில் தோட்டங்களில் பட்டினி பரவியது. 1977 இல் கலவரம் மூண்டது. அஞ்சியோர் மலையை விட்டு வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு முதலிய வடபகுதிகளில் குடியேறினர். காந்தியம் என்னும் அமைப்பு அவர்களுக்கு அங்கே நிலம் திருத்தி வாழ உதவிற்று. 1983 ஜூலையில் நேர்ந்த பெருங்கொடுமைக்குப் பின் போர் வந்தது. வடக்கு, கிழக்கு மாகாணத் தமிழரும், அவர்களிடையே குடியேறியிருந்த மலையகத் தமிழரும் ஒரே படகுகளில் ஏறி இராமேசுவரக் கரைக்கு வந்தனர். பாட்டனார் கங்காணியின் பின்னே சென்ற அதே கடலைப் பேரன் எதிர்த் திசையில் கடந்தான். அரசு 2021 இல் தெரிவித்த கணக்கின்படி, 1983 முதல் தமிழ்நாட்டுக்கு வந்தோர் 3,04,269 பேர். அவ்வாண்டில் 29 மாவட்டங்களிலுள்ள 108 முகாம்களில் 58,822 பேரும், முகாம்களுக்கு வெளியே 34,087 பேரும் இருந்தனர்.

நூற்றெட்டு முகாம்கள் என்பது கேட்க எளிது. அதன் பொருளைச் சிந்தியுங்கள். ஒரே கிராமத்து மக்கள் பத்து முகாம்களில் பிரிந்திருந்தனர். அனுமதி பெற்றே வெளியூர் செல்லலாம். குறித்த நாளில் பெயர் அழைக்கும்போது முகாமில் இருத்தல் வேண்டும். இத்தகைய மக்களை ஒன்றுசேர்ப்பது எங்ஙனம்? பொதுக்கூட்டம் கூட்ட இயலாது. ஊர்வலம் செல்ல இயலாது. இங்கேதான் முன்னர் நினைவில் வைக்கச் சொன்ன பெயர் மீண்டும் வருகிறது. செல்வநாயகத்தின் மகன் சந்திரகாசன், 1984 இல் சென்னையில் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தை நிறுவினார். ஏதிலி என்பது பற்றுக்கோடு இல்லாதவர் என்று பொருள்படும் நல்ல தமிழ்ச் சொல். அக்கழகத்தின் தொண்டர்கள் பெரும்பாலும் முகாம்களில் வாழ்ந்த ஏதிலியரே. பிள்ளைகளின் படிப்பு, தாய்மாரின் உடல்நலம், மகளிர் குழுக்கள் என்று முகாம்தோறும் பணி தொடங்கியது. ஒரு முகாமில் கற்றவர் மறு முகாமில் சென்று கற்பித்தார். மெல்ல மெல்ல நூறு இடங்களிலிருந்த மக்கள் தம்மை ஒரு சமுதாயமாக உணர்ந்தனர்.

அவர்கள் செய்த பணிகளுள் மிகச் சிறியதாகத் தோன்றி மிகப் பெரியதாக விளைந்தது பிறப்புப் பதிவே. இலங்கைச் சட்டப்படி, வெளிநாட்டில் பிறந்த இலங்கையரின் குழந்தை தானாகவே அந்நாட்டின் பிரஜை ஆவதில்லை. பிறந்த ஓராண்டுக்குள் தூதரகத்தில் பதிவு செய்தல் வேண்டும். தவறினால் அமைச்சரின் அனுமதியோடு பின்னர் பதிவு செய்யலாம். குண்டுக்குத் தப்பி ஓடி வந்த தாய்க்கு இது எவ்வாறு தெரியும்? தெரிந்தாலும், பெற்றோரின் பிறப்புச் சீட்டும் திருமணச் சீட்டும் எரிந்த வீட்டோடு போயின. ஆகவே தொண்டர்கள் குடும்பம் குடும்பமாக அமர்ந்து பெயர், ஊர், பிறந்த நாள் ஆகியவற்றை எழுதினர். உள்ளூர்ப் பிறப்புச் சான்று பெற்று, விண்ணப்பம் நிரப்பி, சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்துக்குக் கொண்டு சென்றனர். 1948 இல் சீட்டு இல்லாமையால் பாட்டனார் நாடிழந்தார். பேரக்குழந்தைக்கு அவ்விதி நேராதிருக்கச் சீட்டுத் தேடினர். தந்தை பாராளுமன்றத்தில் நின்று எதிர்த்த அநீதியை, மகன் நிறுவிய கழகம் பதிவேட்டின் துணைகொண்டு எதிர்த்தது எனலாம்.

உலக வரலாற்றில் இதற்கு ஒப்பான முயற்சி உண்டு. முதல் உலகப் போருக்குப் பின் ருஷியாவிலிருந்து சிதறிய இலட்சக்கணக்கானோர் எந்நாட்டுக்கும் உரியராகாமல் ஐரோப்பாவில் அலைந்தனர். நார்வே நாட்டு அறிஞர் பிரிட்ஜாப் நான்சென், சர்வதேச சங்கத்தின் சார்பில், 1922 இல் அவர்களுக்கு ஒரு தனிச் சீட்டை ஏற்படுத்தினார். நான்சென் கடவுச்சீட்டு எனப்பட்ட அதை ஐம்பதுக்கு மேற்பட்ட அரசுகள் ஏற்றன. அச்சீட்டு எவருக்கும் நாட்டைத் தரவில்லை. ஆனால் இவர் ஒரு மனிதர், இவருக்குப் பெயர் உண்டு என்று எல்லைக் காவலனுக்கு உணர்த்தியது. இந்தியாவோ இலங்கையோ 1951 ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. எனவே நம் கதையில் நான்சென்னைப் போன்ற ஒருவர் வெளியிலிருந்து வரவில்லை. மக்களே தம் ஏட்டைத் தாமே எழுத வேண்டியதாயிற்று.

முயற்சிக்குப் பயனும் கிட்டிற்று. 2003 இல் இலங்கைப் பாராளுமன்றம் ஒரு சட்டம் இயற்றி, 1964 அக்டோபர் 30 முதல் அந்நாட்டில் வசித்து வந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் பிரஜாவுரிமை வழங்கியது. பத்து நாட்கள் நடந்த இயக்கத்தில் ஏறத்தாழ 1,90,000 பேர் உரிமை பெற்றதாக ஐக்கிய நாடுகளின் அகதிகள் ஆணையம் கூறுகிறது. ஆயினும் இலங்கையில் வசிப்போருக்கே அச்சட்டம் பொருந்தியது. போரினால் இந்தியாவுக்கு ஓடிவந்தவர் விடுபட்டனர். 2009 இல் சட்டம் திருத்தப்பட்டு அவர்களுக்கும் வழி திறந்தது. மலையக மக்கள் இலங்கையில் குடியேறிய இருநூறாம் ஆண்டை நினைவுகூர்ந்து, 2023 இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மூதாதையர் நடந்த வழியிலே ஒரு நடைப்பயணம் நிகழ்ந்தது. நிலமும் வீடும் சமமான மதிப்பும் வேண்டும் என்பதே அவர்களின் கோரிக்கை. சட்டம் ஏற்ற பிறகும் சமுதாயம் ஏற்க வேண்டியிருக்கிறது அன்றோ?

இக்கரையில் கதவு இன்னும் முழுதும் திறக்கவில்லை. இந்தியக் குடியுரிமைச் சட்டப்படி, 1987 ஜூலை 1 க்கு முன் இம்மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன் ஆவார். பின்னர் பிறந்தோருக்குப் பெற்றோரின் உரிமையும் பார்க்கப்படுகிறது. உரிய ஆவணமின்றி வந்தவர் சட்டத்துக்கு மாறாகக் குடியேறியவர் எனப்படுவர். அவர்கள் விண்ணப்பித்தும் குடியுரிமை பெற இயலாது. மலையக வழியினராகிய அறுபதுக்கும் மேற்பட்ட முகாம்வாசிகள், தம் முன்னோர் இந்தியரே என்று கூறிச் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையை நாடினர். அவர்களுடைய விண்ணப்பங்களைக் கருணையோடு ஆராயுமாறு நடுவண் அரசுக்கு 2019 ஜூனில் நீதிமன்றம் பணித்தது. அவ்வாண்டு டிசம்பரில் நிறைவேறிய குடியுரிமைத் திருத்தச் சட்டம் ஆப்கானிஸ்தானம், பாகிஸ்தான், வங்காள தேசம் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்தோரையே குறித்தது. இலங்கை அதில் இடம் பெறவில்லை. 1986 இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்மணிக்கு இந்தியக் கடவுச்சீட்டு வழங்குமாறு 2022 இல் மதுரைக் கிளை ஆணையிட்டது. அவர் 2024 ஆம் ஆண்டு நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களித்தார். அவருக்குத் துணைநின்றது அவருடைய பிறப்புச் சான்றிதழே. 2025 செப்டம்பரில் நடுவண் அரசு, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழரைக் கடவுச்சீட்டின்மைக்கான தண்டனையிலிருந்து விலக்கியது. இது தண்டனையை நீக்கியது. குடியுரிமையை அளித்தது ஆகாது.

தாயகம் திரும்புவதிலும் இடர் உண்டு. 2025 இல் அகதிகள் ஆணையத்தின் உதவியோடு தமிழ்நாட்டிலிருந்து திரும்பிய ஒரு முதியவர் யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்தில் கைது செய்யப்பட்டார். பல்லாண்டுகளுக்கு முன் உரிய அனுமதியின்றி நாட்டை விட்டுச் சென்றதே அவர் மீது சுமத்தப்பட்ட குற்றம். உயிருக்கு அஞ்சிப் படகேறுபவன் அனுமதிச் சீட்டுக்குக் காத்திருப்பதில்லை. சட்டத்தின் சொல்லும் மக்களின் வாழ்வும் எவ்வளவு தொலைவில் நிற்கின்றன என்பதை இந்நிகழ்ச்சி காட்டிற்று.

இம்மக்கள் அனைவரும் ஒரே முடிவை விரும்புகின்றனர் என்று எண்ணுதல் தவறு. கழகம் தொடக்க முதலே தாயகம் திரும்புதலை வலியுறுத்தி வந்தது; போர் ஓய்ந்தபின் பலர் திரும்பவும் செய்தனர். ஆனால் முகாமிலே பிறந்து, தமிழ்நாட்டுப் பள்ளியிலே படித்து, இங்கேயே மணம் புரிந்த இளைஞர் பலர் இந்தியக் குடியுரிமையையே கேட்கின்றனர். மலையக வழியினருக்கு எது தாயகம், எது புகலிடம் என்பதே வழக்காக நிற்கிறது. இவ்வேற்றுமையால் அவர்களது ஒற்றுமை பொய்யாகிவிடாது. திரும்ப விரும்புபவனுக்கும் பிறப்புச் சீட்டு வேண்டும். தங்க விரும்புபவனுக்கும் அதுவே வேண்டும். எந்த வாயிலில் சென்று தட்டுவது என்பதில் அவர்கள் வேறுபடலாம். பெயரில்லாதவனாய்ச் சென்று தட்டலாகாது என்பதில் ஒன்றுபட்டிருக்கின்றனர். அவ்வொற்றுமையே அவர்கள் ஈட்டிய பெரும் பொருள்.

வரலாற்றைப் படிக்கும் மாணவர்கள் போர்களையும் ஒப்பந்தங்களையும் ஆண்டுகளோடு மனப்பாடம் செய்கின்றனர். 1964 இன் ஒப்பந்தத்தை இரு தலைவர்களின் பெயரால் நாம் அறிவோம். அதன் 9,75,000 என்ற எண்ணுக்குள் ஒரு பெயரையேனும் அறிவோமா? ஒரு மக்கட் கூட்டத்தை எண்ணாக மட்டும் காணும்போது அதனைப் பங்கிடுதல் எளிதாகிறது. பெயராகக் காணும்போது, அவன் எங்கே பிறந்தான், எங்கே உழைத்தான், எங்கே இருக்க விரும்புகிறான் என்று கேட்காமலிருக்க முடிவதில்லை. முகாம்தோறும் அமர்ந்து ஏடு எழுதிய தொண்டர்கள் செய்தது, எண்ணை மீண்டும் பெயராக்கும் பணியே ஆகும்.

தோட்டனூத்துப் பிள்ளைகள் திண்டுக்கல் வட்டாரப் பிள்ளைகளோடு ஒரே மொழி பேசுகின்றனர். ஒரே பாடநூலைப் படிக்கின்றனர். தேர்வு முடிந்து கல்லூரியும் வேலையும் நாடும்போதுதான் வேற்றுமை புலனாகிறது. கடவுச்சீட்டு, அரசுப் பணி, சொந்தப் பெயரில் நிலம் என்று எதைத் தொட்டாலும் குடியுரிமை என்னும் கேள்வி எழுகிறது. அக்கேள்விக்கு விடையளிக்கும் கடமை இரு நாட்டு அரசுகளுக்கும் உண்டு. இந்தியர் என்று இலங்கையும், இலங்கையர் என்று இந்தியாவும் கூறிய காலம் நீண்டுவிட்டது. கடலின் ஒரு கரை வறட்சியால் அனுப்பியது. மறு கரை உழைப்பைப் பெற்றுக்கொண்டது. இரண்டும் கடன்பட்ட கரைகளே. நாளை சட்டம் இயற்றும் இடத்திலோ, நீதி வழங்கும் இடத்திலோ, ஒரு சிற்றூரின் பதிவேட்டை எழுதும் மேசையிலோ இன்றைய மாணவர்கள் அமரக்கூடும். அப்போது தம் முன் வந்து நிற்பவரிடம் சீட்டைக் கேட்பதற்கு முன் பெயரைக் கேட்பார்களாயின், அக்கடனில் ஒரு பகுதியேனும் தீரும்.